மதிப்புறு முனைவர்: 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாதவர்கள் தரும் பட்டம்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, பதிவாளர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் அந்த வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா.

"சார், ஒரு தகுதியுரை எழுதணும். ரெண்டு பக்கம் போதும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணும்."

யாருக்கு என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். ஏழெட்டுக் கல்லூரிகள் நடத்தும் ஒரு குழுமத்தின் தலைவர். மதிப்புறு முனைவர் பட்டம். எந்தத் துறையில் செய்த பணிக்காகத் தருகிறோம் என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்:

"அது இன்னும் முடிவாகல சார். நீங்க எழுதிக் குடுங்க, அதைப் பார்த்துட்டு போட்டுக்கலாம்."

அடுத்த நாள் காலையில் ஒரு வழவழப்பான புத்தகம் வந்தது. அவருடைய மணிவிழா மலர். பாதிக்கு மேல் மாலை மரியாதைப் படங்கள். அதிலிருந்து ரத்ததான முகாம், கோயில் திருப்பணி, ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை என்று பொறுக்கியெடுத்து எழுதினேன். மறுக்கவில்லை. மறுக்கலாம் என்ற எண்ணம்கூட அன்று வரவில்லை என்பதுதான் உண்மை. உரை நன்றாகவே அமைந்துவிட்டது. மேடையில் வாசித்தபோது கைதட்டல் வந்தது. ஆறு வருடம் களப்பணி செய்து முனைவர் பட்டம் வாங்க வந்திருந்த என் மாணவி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளும் கைதட்டினாள்.

சிண்டிகேட்டில் இருந்த நண்பர் ஒருவரிடம் பிறகு கேட்டேன், "இது எப்படிய்யா பாஸ் ஆச்சு?" அவர் சிரித்தார். "அஜெண்டால கடைசி ஐட்டம். டீ வந்துடுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல."

இந்த 'யாரும் ஒண்ணும் சொல்லல' என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். மதிப்புறு பட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வாங்கியவரைப் பற்றியே பேசுகிறோம். அவருக்குத் தகுதி இருக்கிறதா, இல்லையா என்று சண்டை போடுகிறோம். கொடுத்தவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

மதுரையில் நடந்தது

2023ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நடந்தது. விடுதலைப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவருமான என். சங்கரய்யாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும் பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தன. வேந்தர் என்ற முறையில் ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் தர வேண்டும். தரவில்லை. இதைக் கண்டித்து அன்றைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி விழாவைப் புறக்கணித்தார். விழா நடந்தது, பட்டம் மட்டும் வழங்கப்படவில்லை. நவம்பர் 15ஆம் தேதி சங்கரய்யா காலமானார். வயது 102.

இந்தப் பதின்மூன்று நாள் இடைவெளியைப் பற்றி அப்போது நிறையப் பேர் உணர்ச்சியோடு எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். 1941இல், இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, பிரிட்டிஷ் அரசு அவரைக் கைது செய்தது. தேர்வு எழுதவில்லை, பட்டமும் இல்லை. வேலூர், ராஜமுந்திரி என்று சிறைகளில் இருந்தார். பின்னர் மீண்டும் கைதாகி, 1947 ஆகஸ்ட் 14ஆம் தேதிதான் வெளியே வந்தார். அன்று அமெரிக்கன் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு அதன் கீழ் வந்தது.

அதாவது, ஒரு அந்நிய அரசு போலீஸை விட்டுத் தடுத்த ஒரு பட்டத்தை, அதே ஊர்ப் பல்கலைக்கழகம் எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுக்க நினைத்தது. மதிப்புறு பட்டம் என்ற ஏற்பாட்டுக்கு ஏதாவது அர்த்தம் இருக்குமானால் இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் எளிதில் கிடைக்காது. அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் பி.ஏ. மாணவனுக்கு எதற்காக இந்தப் பட்டம் என்று விளக்கவே வேண்டியதில்லை.

அது ஒரு கையெழுத்தில் நின்றுபோனது. எப்படி நிற்க முடிந்தது?

சட்டத்தில் இருக்கும் ஒரு சொல்

நம் பல்கலைக்கழகச் சட்டங்களில் இருக்கும் இந்த மூன்றடுக்கு நடைமுறை நாம் கண்டுபிடித்தது அல்ல. 1884இல் கல்கத்தா, சென்னை, பம்பாய் பல்கலைக்கழகங்களுக்கு மதிப்புறு பட்டம் தரும் அதிகாரத்தை வழங்கித் தனிச்சட்டம் வந்தது. பிறகு கர்சன் காலத்தில் வந்த 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், 17ஆம் பிரிவில் நடைமுறையை வகுத்தது. துணைவேந்தரும் சிண்டிகேட்டின் மற்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களும் பரிந்துரைக்க வேண்டும். செனட் கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். கடைசியாக வேந்தர் உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகு தேர்வு எதுவும் இல்லாமல் பட்டம் தரலாம்.

யாருக்குத் தரலாம்? உயர்ந்த நிலையும் சாதனையும் கொண்ட, தகுதியான ஒருவருக்கு. ஆங்கில மூலத்தில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன: நிலை, சாதனை. இதில் முதலில் வருவது 'நிலை'. அதாவது பதவி, அந்தஸ்து.

இந்தச் சொல் தற்செயலாக வந்து விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1876இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் கொடுத்தது வேல்ஸ் இளவரசருக்கு. இன்னும் பின்னால் போனால், இந்த வழக்கத்தின் தொடக்கமே அப்படித்தான். ஆக்ஸ்போர்டில் 1470களின் கடைசியில் லயனல் வுட்வில் என்பவருக்குத் தேர்வு முறைகளைத் தளர்த்திப் பட்டம் கொடுத்ததைத்தான் பதிவில் இருக்கும் முதல் மதிப்புறு பட்டம் என்கிறார்கள். அவர் யார்? இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் மைத்துனர். சீக்கிரமே அவர் ஆக்ஸ்போர்டின் வேந்தராகவும் ஆனார், பிறகு சாலிஸ்பரி பிஷப்பாகவும் ஆனார். ஆக, இந்தப் பட்டம் பிறந்த நாளிலிருந்தே அதற்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று அறிவுக்கு மரியாதை, இன்னொன்று அதிகாரத்துக்குச் சலாம்.

மரியாதை முகத்துக்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் உ.வே. சாமிநாதையருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்த நூல்களைப் படித்துத்தான் மற்றவர்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டம் வாங்கினார்கள். பட்டம் வாங்காதவர் பதிப்பித்ததைப் படித்துப் பட்டம் வாங்கும் நிலையைப் பல்கலைக்கழகம் ஒரு நாள் ஒப்புக்கொண்டுதானே ஆக வேண்டும்! தேர்வு முறைக்கு வெளியே நின்று, அந்தத் துறைக்கே அடித்தளம் போட்டவர்களை அங்கீகரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வேறு வழி கிடையாது. இதற்காகவே இந்த ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பதவியில் இருப்பவருக்குப் பட்டம்

சலாம் முகத்துக்கும் நம்மிடம் வரிசை இருக்கிறது. 1968இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அண்ணாவுக்குக் கொடுத்தது. அப்போது அவர் முதலமைச்சர். 1971இல் அதே பல்கலைக்கழகம் கலைஞர் கருணாநிதிக்குக் கொடுத்தது. அவரும் அப்போது முதலமைச்சர். 1991இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஜெயலலிதாவுக்குக் கொடுத்தது. அவர் முதலமைச்சராகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு வேறு பல்கலைக்கழகங்களும் வரிசையில் நின்று கொடுத்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்குத் தகுதி இருந்ததா என்பது என் கேள்வி இல்லை. அண்ணாவின் எழுத்தும் பேச்சும் ஒரு தலைமுறையின் தமிழையே மாற்றியவை. கலைஞரின் நாடகமும் வசனமும் உரைநடையும் ஆய்வுக்குரியவை, ஆய்வுகள் வந்துகொண்டும் இருக்கின்றன. பட்டம் தப்பான ஆளுக்குப் போச்சுன்னு நான் சொல்லலை. தப்பான நேரத்துல போச்சு. பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருபவர், சிண்டிகேட்டில் தன் துறைச் செயலாளர்களை உட்கார வைத்திருக்கும் அரசின் தலைவர், அவருக்கே பட்டம் என்று தீர்மானம் வரும்போது எந்த உறுப்பினர் எழுந்து "கொஞ்சம் பொறுப்போம்" என்று சொல்வார்?

1971இல் அதைச் சொன்னவர்கள் ஆசிரியர்கள் அல்லர், மாணவர்கள். அண்ணாமலை நகரில் மாணவர்கள் பட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். போலீஸ் தடியடி நடந்தது. ஒரு மாணவர் இறந்தார். விசாரணைக் கமிஷன் வைக்கும் அளவுக்குப் போனது. அந்த மரணத்தைப் பற்றி இன்றும் இரண்டு தரப்பும் இரண்டு கதை சொல்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. சபைக்குள் விவாதித்து முடிக்க வேண்டிய ஒரு விஷயம் சபைக்குள் விவாதிக்கப்படாததால் தெருவுக்கு வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பதவியில் இருப்பவருக்குத் தரக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய கணக்கு இன்னும் முடியவில்லை. ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபேவுக்கு எடின்பரோ பல்கலைக்கழகம் 1984இல் பட்டம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 1986இல், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1990இல். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறையிருந்து, நாட்டை விடுதலைக்குக் கொண்டுவந்த தலைவர் என்று அன்று எல்லோரும் கொண்டாடினார்கள். எடின்பரோ 2007இலும் மற்ற இரண்டும் 2008இலும் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பரீட்சை எழுதி வாங்கிய பட்டத்தை இப்படிப் பிடுங்க முடியாது. கொடுத்ததைப் பிடுங்கலாம். ஆனால் கொடுத்தபோது வாசித்த தகுதியுரையை என்ன செய்வது?

738க்கு 319

'வேண்டாம்' என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஆக்ஸ்போர்டு. 1985 ஜனவரி 29. பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு மதிப்புறு பட்டம் தரும் முன்மொழிவு ஆசிரியர் பேரவைக்கு வந்தது. தாட்சர் ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரதமரான ஆக்ஸ்போர்டு பட்டதாரிகள் எல்லோருக்கும் இந்த மரியாதை கிடைத்திருந்தது. ஆகவே இது ஏறக்குறைய சம்பிரதாயம். எதிர்த்தவர்கள் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள்: அவருடைய அரசு கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நிதியை வெட்டுகிறது, அதைச் செய்பவரை நாங்கள் மரியாதை செய்ய முடியாது. வாக்கெடுப்பு நடந்தது. எதிராக 738, ஆதரவாக 319. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதற்கு விலையும் இருந்திருக்கலாம். தாட்சரின் ஆவணங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தது கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரிக்கு. அவர்கள் முடிவு சரியா தவறா என்பதை விடுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். முடிவெடுத்தவர்கள் ஆசிரியர்கள். காரணத்தைச் சொல்லி எடுத்தார்கள். எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிந்தது.

1992இல் கேம்பிரிட்ஜில் இதே மாதிரி ஒரு சண்டை, தத்துவவாதி ழாக் தெரிதாவை வைத்து. அவருடைய எழுத்து தத்துவமே அல்ல, சொல்விளையாட்டு என்று பல நாட்டுத் தத்துவப் பேராசிரியர்கள் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்கள். குவைன் போன்ற பெரிய பெயர்களும் அதில் இருந்தன. வாக்கெடுப்பு வந்தது. ஆதரவு 336, எதிர்ப்பு 204. பட்டம் கிடைத்தது. தமிழில் அமைப்பியல், பின்அமைப்பியல் விவாதங்கள் சூடாக நடந்துகொண்டிருந்த காலம் அது. கேம்பிரிட்ஜ் சண்டையில் பட்டத்தைவிட முக்கியமாக ஒன்று நடந்தது. தத்துவம் என்றால் என்ன, எதை அறிவு என்று ஒப்புக்கொள்வது என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்தது. 204 பேர் எதிர்த்த பிறகு கிடைத்த பட்டம், டீ நேரத்தில் பாஸான பட்டத்தைவிட மதிப்பானது இல்லையா?

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் மதிப்புறு பட்டம் தருவதில்லை. கார்னெல் 1886இல் இருவருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. பரீட்சையும் ஆய்வும் தரும் பட்டத்தோடு இதைக் கலக்கக்கூடாது என்பது எம்.ஐ.டி.யைத் தோற்றுவித்த வில்லியம் பார்ட்டன் ராஜர்ஸ் காலத்திலிருந்து வரும் நிலைப்பாடு. அதுவும் ஒரு நேர்மைதான். ஆனால் உ.வே.சா. மாதிரி ஒருவர் வந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

மறுபடியும் மதுரைக்கு

இப்போது சங்கரய்யா விஷயத்துக்குத் திரும்பலாம். ஆக்ஸ்போர்டிலும் 'வேண்டாம்', மதுரையிலும் 'வேண்டாம்'. இரண்டும் ஒன்றா? ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழகம் அதிகாரத்திடம் சொன்னது. மதுரையில் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் சொன்னது. ஆக்ஸ்போர்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். மதுரையில் ஒருவர் கையெழுத்துப் போடவில்லை. 1904இல் எழுதிய நடைமுறை வேந்தர் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. உறுதிசெய்யாவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்றோ, இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றோ சொல்லவில்லை. வைஸ்ராய் காலத்து நம்பிக்கை அது. கவர்னர் துரைக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. துரை போய் எழுபத்தைந்து வருடம் ஆகியும் அந்த வரி அப்படியே இருக்கிறது.

ஆளுநரைக் குறைசொல்வதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். பாதி உண்மைதான் அது. இன்னொரு பாதி நமக்குக் கொஞ்சம் சங்கடமானது.

சங்கரய்யாவுக்குப் பட்டம் என்ற யோசனையை மாநில அரசு வெளிப்படையாகவே ஆதரித்தது. அவருடைய கட்சி ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்தது. 2021இல் முதல் 'தகைசால் தமிழர்' விருதும் அவருக்கே கிடைத்தது (அந்தப் பத்து லட்ச ரூபாயை அவர் கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்). எதிர்த்தரப்பில் இருந்த ஒருவர், "இது பல்கலைக்கழகத்தின் முடிவு அல்ல, அரசாங்கத்தின் முடிவு" என்று சொன்னால், நாம் என்ன பதில் சொல்வோம்? ஆட்சிக்குழு, பேரவை இரண்டும் தீர்மானம் போட்டன என்போம். அவர் திருப்பிக் கேட்பார்: "இந்த மாதிரிச் சபைகள் எந்தக் காலத்தில் அரசு விரும்பிய பெயருக்கு மாட்டேன் என்று சொல்லியிருக்கின்றன?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. 1968, 1971, 1991 எல்லாம் அந்த இடத்தில் வந்து நிற்கின்றன. எல்லாப் பெயருக்கும் தலையாட்டிய சபை, உண்மையிலேயே தகுதியான ஒரு பெயருக்குத் தலையாட்டும்போது அந்தத் தலையாட்டலுக்கு எடை இருப்பதில்லை. எடை இல்லாத தீர்மானத்தை ஒருவர் கிடப்பில் போடுவது எளிது. மூன்று பெயரை நிராகரித்து, காரணம் எழுதி, நான்காவதாக சங்கரய்யா பெயரை அனுப்பிய ஒரு பேரவையின் கோப்பாக அது இருந்திருந்தால், அதை மறுப்பது கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும். கடைசியில் விலை கொடுத்தவர் அந்தத் தலையாட்டலில் எந்தப் பங்கும் இல்லாத 102 வயதுக்காரர்.

அதே நவம்பர் மாதத்தில் இன்னொரு விழா நடந்தது. தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தில் பாடகி பி. சுசீலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம். அங்கே வேந்தர் முதலமைச்சர். கோப்பு எங்கேயும் நிற்கவில்லை. சுசீலாவின் தகுதியைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் வேந்தர் நாற்காலியில் ஆளுநருக்குப் பதில் முதலமைச்சரை உட்கார வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள், நாளைக்கு வேறொரு முதலமைச்சர் வரும்போது வேறொரு சங்கரய்யாவின் கோப்பு என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்விப் பேரவை பரிந்துரைக்கும், நிர்வாகக் குழுவில் வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும், பிறகு குடியரசுத் தலைவருக்குப் போகும். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதில் வழி இருக்கிறது. மேலிடம் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்ற வரி அங்கேயும் இல்லை.

வெளியே நடக்கும் வியாபாரம்

சபைகள் இப்படி இருந்தால் சந்தை சும்மா இருக்குமா? 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்கு 'கௌரவ டாக்டர்' பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அரங்கத்தைத் தங்களுக்குத் தெரியாமல் இப்படிப் பயன்படுத்திவிட்டார்கள் என்று பல்கலைக்கழகம் போலீஸில் புகார் கொடுத்தது. வாங்கியவர்களில் சிலர் உண்மையான பட்டம் என்றே நம்பியிருந்தார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கி, தொப்பி, மேடை, ஒரு நீதிபதி பெயர், ஒரு பல்கலைக்கழக அரங்கம். இவை இருந்தால் போதும், அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாது என்ற நிலைமையை உண்டாக்கியது யார்? அசலிலும் எதற்காகக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றால், போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு நான் மணிவிழா மலரைப் பார்த்து எழுதிய இரண்டு பக்கத்துக்கும் இந்தப் போலிப் பட்டத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பல்கலைக்கழக முத்திரை மட்டும்தான்.

பேருக்கு முன்னால் டாக்டர் போடுவது இன்னொரு நோய். மதிப்புறு பட்டம் பெற்றவர்கள் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் உலகின் பல பல்கலைக்கழகங்களில் எதிர்பார்க்கப்படும் மரபு. நம்மூரில் விழா முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் பிளெக்ஸில் டாக்டர் ஏறிவிடுகிறது.

என்ன செய்யலாம்

விமர்சனம் எழுதுகிறவன் தீர்வும் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் முப்பது வருடம் இந்த வளாகங்களில் காலம் தள்ளியவன் என்ற முறையில் நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பதவியில் இருக்கும் எந்த அரசியல்வாதிக்கும், அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளை நடத்தும் எவருக்கும் பட்டம் இல்லை என்று விதியிலேயே எழுத வேண்டும். 1904இன் அந்த 'நிலை' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். சாதனை மட்டும் போதும்.

இரண்டு, தகுதியுரை தீர்மானத்துக்கு முன்னால் எழுதப்பட வேண்டும். எந்தத் துறை, என்ன பங்களிப்பு என்று அந்தத் துறையின் ஆசிரியர்கள் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்சிக்குழு வாக்களிக்க வேண்டும். எங்கள் ஊரில் நடந்த மாதிரி தலைகீழாக இல்லை.

மூன்று, வாக்கெடுப்பு நடக்க வேண்டும், எண்ணிக்கை பதிவாக வேண்டும். மனிதரின் மரியாதையைக் காக்க, தோற்ற பெயர்களை வெளியில் சொல்ல வேண்டாம். வென்ற பெயருக்கு எத்தனை வாக்கு என்று சொல்லலாமே.

நான்கு, வேந்தர் யாராக இருந்தாலும், இரண்டு சபைகள் ஒப்புக்கொண்ட பெயரை மறுத்தால் குறிப்பிட்ட நாளுக்குள் காரணத்தை எழுதித் தர வேண்டும். சபைகள் மறுபடியும் அதே பெயரை அனுப்பினால் அதுவே முடிவு.

இவை நடந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. முதல் மூன்றுக்கும் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிண்டிகேட்டில் உட்காரும் ஆசிரியர்கள் நினைத்தால் அடுத்த கூட்டத்திலிருந்தே அப்படி நடந்துகொள்ளலாம். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அன்று தகுதியுரை எழுத முடியாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்காது. வேறு யாராவது எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிண்டிகேட், செனட் உறுப்பினர்களாக இருந்த ஆசிரியர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மதிப்புறு பட்டத்துக்கு வந்த ஒரு பெயரை விவாதித்து, வாக்கெடுத்து, 'வேண்டாம்' என்று முடிவு செய்த ஒரே ஒரு கூட்டத்தின் மினிட்ஸையாவது பார்த்திருந்தால் எழுதுங்கள். ஆண்டும் பல்கலைக்கழகமும் மட்டும் போதும், பெயர் வேண்டாம். நான் சொன்னது தவறு என்று திருத்தி, அடுத்த குறிப்பில் சந்தோஷமாகப் போடுகிறேன்.